உடைந்த பவுலைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆர்.ஓ. மெஷினுக்கு வெளியே சுவரில் தொங்கும் ப்ரீ ஃபில்டர் பவுல் (முதல் வடிகட்டி இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம்) ராத்திரியில் விரிசல் விட்டால், காலைவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கிச்சனின் கீழ்ப்பெட்டிகள் ஊறி உப்பிவிடும், கீழ்வீட்டு சீலிங்கிலும் கறை இறங்கும். அந்தச் சேதத்துக்குக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க ஆதாரம் வேண்டும். வால்வை மூடியதும் துடைப்பத்தை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். பவுல் மாட்டியபடியே ஒரு வீடியோ, விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், தண்ணீர் எதுவரை போயிருக்கிறது என்று இன்னொரு வீடியோ. துடைப்பது அதற்கப்புறம்.

மறுநாள் வரும் சர்வீஸ் ஆள் புதுப் பவுலை மாட்டிவிட்டுப் பழையதைப் பையில் போட்டுக்கொள்வார். "கம்பெனியில காட்டணும் சார்" என்பார். கொடுத்தால் கேஸ் அங்கேயே முடிந்தது. பவுல், மூடி, ஓ-ரிங் (இடையில் இருக்கும் ரப்பர் வளையம்) மூன்றையும் ஒரே கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். சர்வீஸ் ஆள் கிளம்பும்போது ஓ.டி.பி. கேட்பார். சொன்ன நொடியில் புகார் தீர்ந்துவிட்டதாகப் பதிவாகும். 'பவுல் விரிசல் விட்டு நீர்க்கசிவு, கிச்சன் மரவேலை சேதம்' என்று ஜாப் ஷீட்டில் (செய்த வேலையைக் குறிக்கும் சீட்டு) அவர் கையால் எழுதியபிறகு சொல்லுங்கள். என் ஃபைலில் அதிகம் வேலை செய்த காகிதம் அதுதான்.

கம்பெனியின் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பவுலை யாரோ ஓவராக முறுக்கிவிட்டார்கள் என்பார்கள். முறுக்கியது யார்? மாட்டியதும் உள்ளே இருக்கும் ஃபில்டர் கேண்டிலை மாற்றியதும் அவர்கள் ஆள்தான் என்று ஜாப் ஷீட்கள் காட்டினால், அந்த வாதம் அவர்கள் பக்கமே திரும்பும். தப்பான சர்வீஸால் வரும் சேதத்துக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 85-ஆம் பிரிவில் பொறுப்பு உண்டு. உள்ளூர் பிளம்பரை விட்டுக் கழற்றியிருந்தால் நம் பக்கம் பலவீனம், அதை மறைத்துப் பயனில்லை.

இன்னொன்று, 'உங்கள் வீட்டில் பிரஷர் அதிகம்'. பிளம்பரிடம் பிரஷர் அளக்கும் கேஜ் இருக்கும். குழாயில் மாட்டிப் படமெடுங்கள். மாடித் தொட்டியின் நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 1 கிலோ பிரஷர்தான் வரும். மேனுவலில் போட்டிருக்கும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். அபார்ட்மெண்டில் பிரஷர் பம்ப் ஓடினால் கதை வேறு. அப்போதும், மாட்ட வந்தவர் பிரஷரைப் பார்த்தாரா, பி.ஆர்.வி. (பிரஷரைக் குறைக்கும் வால்வு) போடச் சொன்னாரா என்ற கேள்வி இருக்கிறது.

'வாரண்டிப்படி பவுலை மட்டும்தான் மாற்றித் தருவோம்' என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதே சட்டம் 'தீங்கு' என்று சொல்வதில் அந்தப் பொருளைத் தவிர்த்த மற்ற சொத்துக்கு வரும் சேதமும் அடக்கம்.

ஆசாரியிடம் பெட்டிவாரியாக எஸ்டிமேட் வாங்குங்கள்: எத்தனை அடி, என்ன கிரேடு பிளைவுட், கூலி தனியாக. நனையாத மேல்பெட்டிகளையும் சேர்த்து முழுக் கிச்சனுக்கும் பணம் கேட்டால் உண்மையான கணக்கின் மேலும் சந்தேகம் விழும். கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கி அதையும் சேர்க்கலாம். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் அதை முதலில் பாருங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு பாலிசியில் குழாய், நீர்ச்சாதனங்கள் வெடிப்பதும் அடக்கம்.

பிறகு தயாரிப்பாளர், விற்ற கடை, சர்வீஸ் செண்டர் மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார். அசையாவிட்டால் இ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளம் வழியாக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. வக்கீல் கட்டாயமில்லை. கட்டணத்தைத் தீர்மானிப்பது சேதத் தொகை அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்குப் போடக் கெடு 2 வருடம். போன் வீடியோக்களுக்கு சாட்சியச் சட்டப்படியான சான்றிதழ் இணைக்க மறக்காதீர்கள். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்குமேல் கிடையாது. ஆய்வகச் சோதனை தேவைப்படாவிட்டால் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடப்பில் வாய்தா இழுக்கும்.

நோட்டீஸ் போனபிறகு பெரும்பாலும் கம்பெனியிலிருந்து ஒரு போன் வரும்: 'புது மெஷின் அனுப்புகிறோம், ஒரு கையெழுத்துப் போடுங்கள்.' அந்தத் தாளில் 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, 'மெஷின் மட்டும் பெறப்பட்டது, வீட்டுச் சேதக் கோரிக்கை நிலுவையில்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.