நீல விளக்கு: இந்த சீசனின் நாட்குறிப்பு

செப்டம்பர் 20
போட்டிக்குக் கட்டும் எங்கள் ரோபோவுக்குச் சக்கரம் முடிவாகிவிட்டது. மெக்கானம்தான். 45 டிகிரி சாய்ந்த உருளைகள் இருப்பதால் திரும்பாமலேயே பக்கவாட்டில் போகும். ஓட்டப்போகிறவன் கேட்டது இது ஒன்றைத்தான். விதிப்படி மொத்தம் 8 மோட்டார், அதில் 4 சக்கரத்துக்கே போய்விடும். மீதியில் கையும் லிஃப்டும். வயரிங் முழுக்க என் பொறுப்பு. எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

அக்டோபர் 11
18 அங்குலப் பெட்டிக்குள் ரோபோ அடங்கவில்லை. அரை அங்குலம் அதிகம். கையை அறுத்தோம்.

அக்டோபர் 12
அறுத்த கை மடங்கும்போது பேட்டரி வயரை நசுக்குகிறது. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

நவம்பர் 22
நாளை முதல் மீட், அதாவது சீசனின் முதல் போட்டி நாள். ஒர்க்‌ஷாப் தரையில் இன்று மட்டும் 30 தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 23
நின்றுவிட்டது.

மூன்றாவது மேட்ச். தானாக ஓடும் 30 வினாடி அழகாகப் போனது. அப்புறம் அவன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். இரண்டு நிமிடத்தில் முக்கால் நிமிடம் போயிருக்கும். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வந்து களத்திலிருந்த இரும்புக் கம்பியில் லேசாக உரசியது, அவ்வளவுதான். ரோபோவின் மூளையான ஹப்பில் இருந்த பச்சை விளக்கு நீலமாகி மினுங்க ஆரம்பித்தது. அவன் ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்தபடியே நின்றான். ரோபோ கல் மாதிரி கிடந்தது. எங்கள் அலையன்ஸில், அதாவது எங்களோடு ஜோடி சேர்ந்து ஆடிய, இன்னொரு அணி மீதி நேரம் முழுக்கத் தனியாக ஆடியது. முடிந்ததும் அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோபோவைத் தூக்கப் போனேன். ஃபிரேமைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீர் என்றது. ரோபோவைப் பழுது பார்க்கும் பிட்டுக்கு வந்து எல்லா கனெக்டரையும் கழற்றி மாட்டினேன். பேட்டரி 12.9 வோல்ட். 20 ஆம்பியர் ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மேட்ச் ஓடியது. அதற்கடுத்த மேட்சில் மறுபடி நின்றது.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. அவன் மட்டும், "நான் வேகமா மோதிட்டேன் போல" என்றான்.

நவம்பர் 24
அவன் மோதவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 30
ஒரு வாரமாக இதே வேலை. ஓடும்போது ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்தேன். கட்டையை வைத்து ஃபிரேமில் தட்டினேன். வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டோம். பச்சை விளக்கு அசையவே இல்லை. உடைந்தால் சரி செய்யலாம். உடையவே மாட்டேன் என்கிற ஒன்றை எங்கிருந்து சரி செய்வது?

டிசம்பர் 6
போர்ட்ஃபோலியோ, ஜட்ஜுகளுக்குக் கொடுக்கும் எங்கள் வேலையின் அறிக்கை. அட்டையை விட்டுவிட்டு 15 பக்கம்தான், அதற்குமேல் உள்ள பக்கம் கணக்கில் வராது. ரோபோ நின்ற கதையை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேச்சு. "எழுதுங்க. காரணம் இன்னும் தெரியலைன்னும் சேர்த்து எழுதுங்க" என்றார் எங்களுக்கு வழிகாட்டும் அக்கா. எழுதினேன். அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்க முடியவில்லை.

டிசம்பர் 13
இரண்டாவது மீட். 5 மேட்சில் 2 தடவை நின்றது. 9ஆவது இடம்.

டிசம்பர் 14
நேற்று மீட் முடிந்ததும் கேப்டன் ஓட்டுநரை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, வேறு எதுவும் பாக்கி இல்லை என்றுதான் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வயரிங்கில் பிழை இல்லை என்று சொன்னவள் நான்தானே. வயரிங் சரி என்றால் வேறென்ன, அவன் கைதான். வாயைத் திறந்து "அவன் கை இல்லை" என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் ஆதாரம் இல்லை என்று சும்மா இருந்துவிட்டேன். அவன் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டு வயரை ஒழுங்காகச் சுருட்டினான். இரண்டு சுற்று, மூன்று சுற்று, முனையை உள்ளே செருகினான். அந்தச் சுருட்டல் கண்ணைவிட்டுப் போகவில்லை.

டிசம்பர் 15
அவன் வரவில்லை.

டிசம்பர் 16
வரவில்லை.

டிசம்பர் 21
தரை!

ஒர்க்‌ஷாப்பில் இருப்பது வெறும் சிமென்ட் தரை. களத்தில் இருப்பது 36 ஃபோம் ஓடுகள். பக்கத்து அணியிடம் 6 ஓடு இரவல் வாங்கி விரித்தேன். ரோபோவைப் பக்கவாட்டில் போகவிட்டேன், இப்படியும் அப்படியுமாக 20 தடவை. கை வைத்தேன். சுரீர். அதே விரல். நவம்பரிலேயே ரோபோ என்னிடம் சொல்லியிருக்கிறது, நான் கையை உதறிவிட்டுப் போயிருக்கிறேன்.

தலையில் தேய்த்த பலூனில் நடப்பதுதான் இங்கேயும். சக்கரம் ஃபோமில் தேயத் தேய ஃபிரேமில் மின்னூட்டம் சேர்கிறது. பக்கவாட்டில் இழுபடும்போது இன்னும் அதிகம், காற்று உலர்ந்திருந்தால் அதைவிட அதிகம். இரும்பைத் தொட்ட நொடியில் அத்தனையும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். அந்த அதிர்ச்சியில் ஹப் இணைப்பை விட்டுவிடுகிறது. ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தி உரசவிட்டோம். நான்காவது தடவை நீல விளக்கு. நான் கத்திய கத்தில் அக்கா ஓடி வந்தார்.

டிசம்பர் 22
அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எத்தனை தடவைல நின்னுச்சு?" என்றான். நான்கு என்றேன். "வா, போய்ப் பாக்கலாம்."

ஜனவரி 3
ஹப்பை உலோகத்திலிருந்து பிரித்து பிளைவுட் பலகையில் ஏற்றியாயிற்று. ஹப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ரெசிஸ்டர் வைத்த எர்த் பட்டை, விதியில் அனுமதித்த வகை. மின்னூட்டம் பாயாமல் மெதுவாக வடியும். கம்பியில் படக்கூடிய விளிம்பு எல்லாவற்றிலும் இன்சுலேஷன் டேப். 60 ஓட்டம். நீலம் இல்லை.

ஜனவரி 4
61ஆவது ஓட்டத்தில் நின்றது. லிஃப்டின் பின்பக்கம் ஒரு போல்ட் தலை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதற்கும் டேப்.

ஜனவரி 9
இன்று எவ்வளவு ஓட்டியும் நிற்கவில்லை. முன்பும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 10, காலை
குவாலிஃபையர், தகுதிப் போட்டி. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. எர்த் பட்டையை இரண்டு தடவை பார்த்தார்கள். சரி என்றார்கள். ஜட்ஜுகள் போர்ட்ஃபோலியோவில் ரோபோ நின்ற அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். 4 மேட்ச் முடிந்தது, நான்கிலும் பச்சை.

மதியம்
5ஆவது மேட்சில் கம்பியில் பலமாகவே இடித்தான். என் மூச்சு நின்றது, ரோபோ நிற்கவில்லை.

3 மணி
அலையன்ஸ் தேர்வு. முன்னணி அணிகளின் கேப்டன்கள் தங்களுக்கு ஜோடி அணியை அழைக்கும் நேரம். நாங்கள் 6ஆவது இடம். முதல் மீட்டில் எங்களோடு ஆடி மீதி நேரத்தைத் தனியாக ஓட்டிய அந்த அணி இன்று 2ஆவது இடம். அவர்களுடைய கேப்டன் மைக்கைக் கையில் வாங்கிவிட்டாள். எங்கள் பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவன் கன்ட்ரோலர் வயரைச் சுருட்டாமல் கையிலேயே வைத்திருக்கிறான். பேட்டரி 13.4.