கூடலூர்ப் பையனை எடுக்கலாமா? செவன்ஸ் கோலும் லெவன்ஸ் கணக்கும்

ஃபுட்பால் லீக் நெருங்கினாலே ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எந்த ஊர் பேக்கரியிலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "கூடலூர்ல ஒரு பையன் இருக்கானாம், பத்தொன்பது வயசுதான். ஏழு பேர் ஆடுற செவன்ஸ்ல யாராலயும் பிடிக்க முடியலையாம். நம்ம கிளப்புக்கு எடுத்துப் போடுங்கண்ணா." எதிர் பெஞ்சிலிருந்து உடனே பதில் வரும்: "நம்ம ஊர்ப் பசங்களே சான்ஸ் இல்லாம உக்காந்திருக்கானுங்க. வெளிய இருந்து எதுக்குடா?" நடுவில் ஒரு செல்போன் கைமாறும். நாற்பது நொடி வீடியோ, நாலு கோல், பின்னணியில் பாட்டு. வர்க்கி டீயில் ஊறிக் கரைந்து போகும் வரை சண்டை ஓயாது. ஆனால் இரண்டு பெஞ்சிலும் அந்தப் பையன் ஒரு முழு மேட்ச் ஆடிப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

என் பதில்: எடுக்கலாம். ஆனால் அவனை நம்பி முதல் மேட்சிலேயே தனி ஆளாக முன்னால் நிறுத்தக் கூடாது. அவன் எத்தனை கோல் போட்டான் என்பதை விட, அந்தக் கோல்களில் எத்தனை, பதினொரு பேர் ஆடும் லெவன்ஸிலும் கோலாக நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் டீமில் அவனுக்குப் பந்து போட ஆள் உண்டா என்பது.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம்பூருக்கும் வயநாட்டுக்கும் ஒட்டிய ஊர்கள். மலப்புறத்துச் செவன்ஸ் பழக்கம் அங்கே இயல்பாகவே உண்டு. செவன்ஸ் நல்ல பள்ளிக்கூடம்தான், அதில் சந்தேகமில்லை. இடம் குறுகல், எப்போதும் ஒருவன் முதுகில் ஒட்டியிருப்பான், பந்து காலில் பட்ட மறுநொடி அடித்தாக வேண்டும். அதனால் அந்தப் பையன்களுக்கு ஷூட் எடுக்கும் வேகமும், காலுக்கடியில் பந்தை மறைக்கும் வித்தையும் நம் பையன்களை விட மேலாகவே இருக்கும். ஆனால் அங்கே ஆஃப்சைடு கிடையாது. அதாவது பாஸ் கிளம்பும்போது எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரான பேக்கைத் தாண்டி நின்றாலும் தப்பில்லை. கோலி (கோல்கீப்பர்) பக்கத்திலேயே நின்று தட்டிவிடும் கோல் செவன்ஸ் கணக்கில் நிறைய சேரும். லெவன்ஸில் அதற்கெல்லாம் லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிடுவார். செவன்ஸில் நேரம் குறைவு, கிரவுண்டும் சின்னது. பெரிய கிரவுண்டில் முப்பது நாற்பது மீட்டர் ஓடி, பந்து வராமல் திரும்பி வந்து, மறுபடி ஓடுகிற பழக்கம் அங்கே அமையாது.

ஆகவே வீடியோவைப் பார்க்கும்போது ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கேள்வி: பாஸ் கிளம்பிய நொடியில் இவன் கடைசி பேக்குக்கு இந்தப் பக்கமா, கோல் இருக்கிற அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்றால் அந்தக் கோலைக் கழித்துவிடுங்கள். பெனால்டியையும் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய லீக்குகளில் பெனால்டி நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் மேல் கோலாகிறது; அதை வைத்து ஸ்ட்ரைக்கரை எடை போட முடியாது. அதே லீக்குகளில் எல்லா ஷாட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றுதான் கோல். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடிப்பது நூற்றுக்கு மூன்று நான்கு போனால் பெரிது. அதனால் ஐந்தாறு மேட்ச் கோல் கணக்கு அதிர்ஷ்டத்தில் எப்படி வேண்டுமானாலும் ஏறும், இறங்கும். கோலை விட்டுவிட்டு ஷாட்டை எண்ணுங்கள்: ஒரு மேட்சில் பெட்டிக்குள்ளிருந்து, எதிரே கோலி மட்டும் இருக்கிற மாதிரி, எத்தனை முறை அடிக்க இடம் பிடிக்கிறான்? மூன்று முறை பிடித்து மூன்றையும் வெளியே அடித்தவனை நான் எடுப்பேன். இருபத்தைந்து மீட்டரிலிருந்து ஒன்றை மேல்மூலையில் செருகிவிட்டு மீதி நேரம் காணாமல் போனவனை எடுக்க மாட்டேன்.

நேரில் பார்க்கப் போகிறவர் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோனால் போதும். பந்தைப் பார்க்கக் கூடாது, பையனையே பார்க்க வேண்டும். சொல்ல எளிது, முதல் பத்து நிமிடத்தில் கண் தானாகப் பந்துக்குப் போய்விடும். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்க்கிறானா? இரண்டு ஸ்டாப்பர்களுக்கு (நடு பேக்குகளுக்கு) நடுவில் நிற்கிறானா, அல்லது ஒருவன் மேலேயே சாய்ந்து நின்று அவன் வேலையைச் சுலபமாக்குகிறானா? பேக்குகளுக்கு இடையே போடும் த்ரூ பாலுக்கு நேர்கோட்டில் ஓடினால் ஆஃப்சைடு. பேக் லைனை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி வைத்து, பாஸ் கிளம்பும்போது வளைந்து உள்ளே போகிறவனுக்குத்தான் லெவன்ஸ் புரிந்திருக்கிறது. ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது முதலில் தூரத்துப் போஸ்ட் பக்கம் நகர்வதாகக் காட்டிவிட்டு, பேக்குக்கு முன்னால் கிட்டப் போஸ்டுக்குப் பாய்கிறானா? இது பத்தொன்பது வயதில் இருந்தால் அபூர்வம். இல்லையென்றாலும் பாதகமில்லை, ஒரு சீசனில் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்கவே முடியாதது ஒன்று: பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடி. கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்று நோட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு அந்தக் கோடுகள் எப்படி மாறுகின்றன என்பதில் பாதி பதில் இருக்கிறது.

அந்த அறுபதாவது நிமிடம் மலையில் வேறு விஷயம். கூடலூர் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒரே ஒரு ஓட்டத்தின் வேகம் இதனால் குறையாது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே மூச்சு திரும்புவதுதான் தாமதமாகும். அதனால் காலை பஸ்ஸில் வந்து மத்தியானம் டிரையல்ஸ் ஆடுகிற கூடலூர்ப் பையன் முதல் அரை மணி புலியாக இருப்பான், பிறகு இடுப்பில் கை வைத்து நிற்பான். "ஸ்டாமினா இல்ல" என்று பெஞ்சில் தீர்ப்பு வந்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் இங்கே தங்கிப் பயிற்சி செய்த பிறகு பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அது தீர்ப்பு. (2007இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச மேட்ச் கூடாது என்று தடை போட்டு, பொலிவியாவும் மற்ற நாடுகளும் கத்தின கத்தில் அடுத்த வருடமே அதைக் கிடப்பில் போட்டது. ஊட்டி எப்படியும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான்.)

பந்தும் மாறும். காற்று அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் தூக்கிப் போட்ட பந்து எதிர்பார்த்ததை விடத் தள்ளி விழும், வளைவும் குறையும். கீழிருந்து வருகிறவன் ஹெட்டருக்குக் குதிக்கும்போது பந்து தலைக்கு மேல் போவது இதனால்தான். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் 10 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து அடைத்த பந்தை அப்படியே மேலே கொண்டுவந்தால், குளிரில் கொஞ்சம் இறங்கினாலும், கேஜில் 12க்குப் பக்கத்தில் காட்டும். விதிப்படி 8.5 முதல் 15.6 வரை போகலாம், ஆகவே ரெஃப்ரி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பந்து காலில் பட்டுத் துள்ளி ஓடும், "ஃபர்ஸ்ட் டச் சரியில்லை" என்று பையன் பேர் கெடும். டிரையல்ஸுக்கு முன்னால் கிரவுண்டிலேயே கேஜ் வைத்து 9, 10க்கு இறக்குங்கள்.

பூட்ஸும் அப்படித்தான். காய்ந்த மண்ணில் செவன்ஸ் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குட்டி ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் பூட்ஸோடுதான் வருவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கூடலூரையும் தேவாலாவையும் ஊட்டியின் மேற்குப் பக்கத்தையும் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரியின் முறை. அந்தச் செம்மண் சேற்றில் டர்ஃப் பூட்ஸ் சறுக்கு மரம்தான். பூட்ஸ் அடியில் தட்டையாக இருக்கும் பிளேடு ஸ்டட்டில் களிமண் அப்பிக்கொண்டு ஸ்டட்டே இல்லாத மாதிரி ஆகிவிடும். திருகிப் போடும் ஆறு ஸ்டட், முன்னால் 13 மில்லிமீட்டர், பின்னால் 15, அதுதான் நிற்கும். அதே பூட்ஸை டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் போட்டால் தரை இரும்பு மாதிரி இருக்கும், கணுக்கால் மடங்கும். வெயில் ஏறும் வரை, ஸ்டட்டை அடியோடு சேர்த்தே வார்த்த மோல்டட் பூட்ஸ்தான் சரி. பையன் மூன்று தரம் விழுந்தான் என்றால் முதலில் அவன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

இனி நம் டீம் பக்கம் வருவோம். இதைப் பேசத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. ஓரத்தில் ஆடும் நம் இரண்டு விங்கும் உள்ளே வெட்டி வந்து தாங்களே அடிக்கிறவர்கள் என்றால், முன்னால் யாரை நிறுத்தினாலும் பட்டினிதான். இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட் 2023 ஆகஸ்டில் இருபது வயது ஸ்ட்ரைக்கர் ராஸ்முஸ் ஹோய்லுண்டை இத்தாலியின் அட்டலாண்டா கிளப்பிடமிருந்து 6.4 கோடி பவுண்டும், மேல் தொகையாக 80 லட்சம் வரையும் பேசி எடுத்தது. அதற்கு முந்தைய இத்தாலி லீக் சீசனில் அவன் போட்டது 9 கோல். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதல் கோல் டிசம்பர் 26 அன்றுதான், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. ஆனால் அதே மாதங்களில் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் குரூப் மேட்சுகளில் 5 கோல் போட்டிருந்தான்! ஆள் ஒருவன்தான், பந்து வந்த இடத்தில் கோல் வந்தது, வராத இடத்தில் வரவில்லை. அந்த சீசன் லீக்கில் 10, அடுத்த சீசன் 4, 2025இல் இத்தாலியின் நாப்போலி கிளப்புக்குக் கடனாகப் போனான். தொகையைப் பார்த்து அவனைத் திட்டியவர்கள் நம் மலையிலும் நிறைய. விங்கிலிருந்து எத்தனை பந்து வந்தது என்று எண்ணியவர்கள் குறைவு.

மறுபக்கம் நம்மூர் உதாரணம் சிவசக்தி நாராயணன். காரைக்குடி பக்கம் கண்டனூர்ப் பையன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவன், 2021இல் பெங்களூரு எஃப்சி எடுத்தது. 2022 டியூரண்ட் கோப்பை ஃபைனலில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல், அந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் வளரும் வீரர் விருது. அவன் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த டீமில் அனுபவ ஸ்ட்ரைக்கர்கள் ராய் கிருஷ்ணாவும் சுனில் சேத்ரியும் இருந்தார்கள். எதிரணி ஸ்டாப்பர்களின் கண் அவர்கள் மேல் இருக்கும்போது இவன் இடுக்கில் ஓடினான். இளம் ஸ்ட்ரைக்கரை இப்படித்தான் இறக்க வேண்டும்: அடிவாங்கிப் பந்தைப் பிடித்துக் கொடுக்கிற ஒரு பழைய ஆள் பக்கத்தில், எதிரணி பேக்குகளுக்குப் பின்னால் உள்ள இடத்துக்கு ஓடுகிறவனாக இவன். உள்ளூர்ப் பையனை உட்கார வைக்கிறோம் என்ற புகாருக்கும் இதில் பதில் இருக்கிறது. உள்ளூர்ப் பையனை முன்னால் வைத்தே கூடலூர்ப் பையனை எடுக்கலாம். இவனை முதல் ஆறேழு மேட்ச் ஐம்பத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு, எதிரணி பேக் களைத்த நேரத்தில் இறக்குங்கள்.

வயதையும் விசாரியுங்கள். வயதுப் பிரிவுக் கணக்கு ஜனவரி 1 என்பதால் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனை விடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரியவன். பதினைந்து வயதில் மீசையோடு தள்ளிவிட்டுக் கோல் போட்டவன், மற்றவர்கள் வளர்ந்ததும் சாதாரண ஆளாகிவிடுவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். உடம்பால் போட்ட கோலா, இடம் பிடித்துப் போட்ட கோலா என்பதுதான் பிரித்துச் சொல்லும்.

பேப்பர் வேலையில்தான் நம் கிளப்புகள் அதிகம் கோட்டை விடுகின்றன. அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் சிஆர்எஸ் என்ற மையப் பதிவில் அவன் எந்தக் கிளப் பேரில் இருக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு கிளப் பேரில் இருந்தால் அந்தக் கிளப்பின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் ஒரு மேட்ச்கூட ஆட வைக்கக் கூடாது, புள்ளி போய்விடும். ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரபூர்வ மேட்ச் ஆடலாம். பிறப்புச் சான்றிதழில் உள்ள பேரும் ஆதாரில் உள்ள பேரும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள், இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தால்கூட இழுத்தடிக்கும். பதிவை உடனே, சரியான தேதியோடு செய்வதில் நமக்கும் லாபம் உண்டு. நாளைக்கு அவன் வெளிநாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16லிருந்து அரை சதவீதம். பதிவு இல்லாத கிளப்புக்கு ஒரு பைசா வராது.

செவன்ஸ் சீசன் நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை போகும். ஒரு ராத்திரி மேட்சுக்கு அங்கே கையில் காசு. நாம் தருவது பஸ் சார்ஜும் டிஃபனும் என்றால், லீக் மேட்சுக்கு முந்தைய இரவு அவன் நிலம்பூரில் ஆடிவிட்டுத் தூக்கக் கண்ணோடு வருவான், தொடை பிடித்துக்கொள்ளும், பிறகு மூன்று வாரம் உட்காருவான். "செவன்ஸுக்குப் போகவே கூடாது" என்று தடை போட்டால் ஒளித்துப் போவான். லீக் தேதிகளைக் கொடுத்து, மேட்சுக்கு முன் இரண்டு நாள் செவன்ஸ் இல்லை என்று மட்டும் எழுதி வாங்குங்கள், அந்த நாட்களுக்கான காசைக் கிளப் கொடுக்கட்டும்.

கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர். மழையில் மரம் விழுந்தால் அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் அவன் ஏறி இறங்க முடியாது. இங்கே ஒரு ரூமும் இரண்டு வேளைச் சாப்பாடும், முடிந்தால் பகலில் ஒரு வேலையும் வேண்டும். "எடுத்துப் போடுங்கண்ணா" என்று கத்துகிற பெஞ்சில் இதற்கு மாதாமாதம் பணம் தருகிறவர்கள் யார் யார் என்று ஒரு பேப்பரில் பெயர் எழுதச் சொல்லுங்கள். பையனுக்கு போன் போடுவது அதற்குப் பிறகு.