சிப்பிக் காளான் பொடி: ஆவியில் வேகவைத்து உலர்த்திய அனுபவம்

சிப்பிக் காளானை நிறம் மாறாமல் உலர்த்துவது இந்த முறை ஒருவழியாகக் கைகூடியது. ஓசூர்க் குளிர்ச்சியில் காளான் வளர்க்கும் வைக்கோல் படுக்கைகள் தாமாகவே மொட்டு விடுகின்றன; தொல்லையெல்லாம் அறுவடைக்குப் பிறகுதான். கிழித்த துண்டுகளை அப்படியே காய வைத்தால் மாலைக்குள் பழுப்பேறிவிடும். பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி, காற்றுப் பட்டவுடன் காளானிலுள்ள பீனால் சேர்மங்களை (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள்) ஆக்சிஜனேற்றம் செய்வதால், எவற்றுக்காகப் பொடி செய்கிறோமோ அவையே தட்டில் குறைந்துபோகின்றன.

கொதிநீரில் முக்கியெடுத்தாலும் நொதி அடங்கும். ஆனால், இக்காளானின் சிறப்பான எர்கோதயோனீன் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் சூட்டைத் தாங்கினாலும் நீரில் எளிதில் கரைந்துவிடும். எனவே இட்லிப் பானையே போதும் என்று முடிவு செய்தேன். ஆவி முழுமையாக எழுந்த பின்னரே தட்டை உள்ளே வைக்க வேண்டும்; மெல்ல மெல்லச் சூடேறும் பானையில், நொதி அழிவதற்கு முன் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைத்துவிடும். துண்டுகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடியின் உட்புறம் துணி கட்டிவிட வேண்டும். ஆவிநீர் சொட்டிய துண்டு மட்டும் கொழகொழத்துக் கடைசிவரை காய மறுக்கும். மூன்று நிமிடம் போதும். தடித்த அடிக்காம்புகளைத் தனியாக வேகவைப்பது நல்லது. எடுத்தவுடன் மின்விசிறிக் காற்றில் ஆற்றி, நண்பகல் வெயிலில் குடையின் அடிப்புறச் செதில்கள் மேலே தெரியும்படி சிறிது நேரம் வைக்கிறேன். புறஊதாக் கதிர் பட்டால் காளானிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும். பிறகு நிழல்தான். ஒடித்தால் சடக்கென முறிய வேண்டும். பச்சைக் காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால், ஒரு கிலோவுக்கு நூறு கிராம் கிடைத்தாலே மகிழ்ச்சி.

கஞ்சித் தண்ணீரில் பொவிடோன் அயோடின் கலந்து நீலமாக்கி, பொடி ஊறிய நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். ஆவியில் வைத்த பொடி, வைக்காததைவிடக் குறைந்த சொட்டுகளில் நீலத்தைப் போக்கியது. இது ஒடுக்கும் திறனை, அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலை மட்டுமே தோராயமாகக் காட்டும். உடலுக்குள் என்ன நிகழும் என்பதைச் சொல்லாது.

அதற்குள் உறவினர்கள், "இதைத் தின்றால் புற்றுநோய் தீருமாமே" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிலர் பொடிப் பொட்டலத்தில் அப்படியே அச்சிட்டு விற்பதுதான் எரிச்சலூட்டுகிறது. ஷிடேக் காளானிலிருந்து 1969-இல் ஜப்பானியர் பிரித்தறிவித்த லென்டினான் என்னும் பீட்டா குளூக்கான் (ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை), அந்நாட்டில் இரைப்பைப் புற்றுக்கு வேதிமருந்துகளுடன் துணையாக ஊசிவழி செலுத்தப்பட்டது. தூய்மையாக்கப்பட்ட அந்த மருந்து வேறு, நம் வீட்டுக் காளான் குழம்பு வேறு. குழம்பு சுவையானது, சத்தானது. அதுவரை நான் உறுதியளிக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்து வைக்கோல் விலை ஏறிவிட்டதால், அடுத்த படுக்கைகளுக்குக் கேழ்வரகுத் தாளைச் சோதிக்க எண்ணியுள்ளேன். கோடையில் பால் காளான் போடும் யோசனையும் உண்டு. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்க வேண்டும். அதற்குமுன் கையிலுள்ள பொடியில் பாதியை நீண்ட நேரம் வெந்நீரில் காய்ச்சி, வடிநீரையும் சக்கையையும் அதே அயோடின் நீரில் தனித்தனியே பார்க்க வேண்டியுள்ளது.