பேஜர் ஒலித்த பிறகு கடையில் நிற்பவர்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குரோமர் என்ற சிற்றூர். அங்கே ஹென்றி பிளாக் என்ற பெயரை அறியாதவர்கள் அரிது. 1894-ல் உயிர்காப்புப் படகில் சேர்ந்தவர், 1909 முதல் 1947 வரை அதன் தலைவராக இருந்தார். 53 ஆண்டுகளில் 387 முறை கடலுக்குள் போய் 873 பேரை மீட்டார். பிழைப்புக்கு நண்டு பிடித்தார். கோடையில் கடற்கரைக்கு வருபவர்களுக்குச் சாய்வு நாற்காலிகளை வாடகைக்கு விட்டார். மேட்டுப் பூங்காவில் அவருடைய மார்பளவுச் சிலை கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

அந்தப் புகழ் அவருக்கு முழுக்கத் தகும். ஆனால் இந்த ஊரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, படகில் ஏறாதவர்களின் வரலாறு ஒன்றும் இதற்குள் இருப்பது எனக்குப் புரிந்தது. அதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் கடையில் சாவி வெட்டுகிறவர் உயிர்காப்புப் படகுக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறார். இடுப்பில் எப்போதும் பேஜர், படகுக்கு ஆள் வேண்டும்போது ஒலித்து அழைக்கும் சிறு கருவி. ஒரு சனிக்கிழமை மதியம், கடை நிறைய ஆட்கள் இருந்தபோது அது ஒலித்தது. இயந்திரத்தை நிறுத்தினார், ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டார், ஓடிவிட்டார். படகுக் கொட்டகை இருப்பது கடலுக்குள் நீளும் பாலத்தின் கடைசி முனையில். நண்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளையும் ஐஸ்கிரீம் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். இயந்திரத்தின் பிடியில் பாதி பல் வெட்டிய சாவி, அதைச் சுற்றிப் பித்தளைத் தூள். சாவிக்காகக் காத்திருந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என் அப்பாவும் இப்படித்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவார். நீங்கள் மற்றவர்களைக் கவனியுங்கள், நான் திங்கட்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கல்லாவில் நின்ற முதலாளியம்மா பெயிண்ட் கலக்கப் போனார், நான் கல்லாவுக்குப் போனேன். சாவி வெட்டுகிறவர் திரும்பி வரும்போது கடை அடைக்கும் நேரம். அந்த மணி நேரங்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அது முதலாளியம்மாவின் முடிவு. காற்றடைத்த மிதவையில் அடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிவந்த நாட்களில் கலகலப்பாகப் பேசுவார். தேடியும் ஆள் கிடைக்காத நாட்களில் எதுவும் பேச மாட்டார், நாங்களும் கேட்பதில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. உயிர்காப்புப் படகுகளுக்கான தேசிய அமைப்பு லண்டனில் தொடங்கப்பட்டது 1824-ல். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1804-ல், குரோமரில் படகு இருந்தது. 1917 ஜனவரி 9 அன்று நடந்ததை எங்கள் கடைக்கு வரும் முதியவர்கள் தாங்களே பார்த்ததுபோல் சொல்வார்கள். இளைஞர்கள் போருக்குப் போய்விட்டதால் துடுப்புப் போட வந்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை மீட்டுவந்து களைத்துப்போயிருந்த வேளையில், ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி இரண்டாகப் பிளந்தது. அலை படகைக் கரைக்கே தூக்கி எறிந்தது, துடுப்புகள் முறிந்தன. வேறு துடுப்புகளோடு மறுபடியும் போய் 11 பேரைக் கொண்டுவந்தார்கள். பிளாக்குக்கு முதல் தங்கப் பதக்கம் கிடைத்தது அதற்காகத்தான். என் மனம் நிற்பது வேறோர் இடத்தில்: கொந்தளிக்கும் கடலில் படகைத் தள்ளிவிட, ஜனவரிக் குளிரில் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்களே, அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை.

இப்போது படகில் இயந்திரம் இருக்கிறது. சறுக்குத்தளத்தில் தானே வழுக்கி இறங்குகிறது. தள்ள ஆள் வேண்டாம். பகல் வேளையில் வேலையை விட்டு ஓடிவரக்கூடிய ஆட்கள்தான் வேண்டும். அதில்தான் என் கவலை. பிளாக் காலத்தில் குழுவினர் மீனவர்கள், கடற்கரையிலேயே இருந்தார்கள். இன்று குழுவில் சேருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடல் தொழிலே கிடையாது. கடலோர வீடுகளைக் கோடை விடுமுறைக்காரர்கள் வாங்கிவிடுகிறார்கள். இங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளே தள்ளிக் குடியேறுகிறார்கள். பேஜர் ஒலித்த சில நிமிடங்களில் கொட்டகையை எட்ட முடியாதவரைக் குழுவில் சேர்த்து என்ன பயன்?

அண்மையில் கடைக்கு ஒரு பையனை வேலைக்கு எடுத்தோம். வீடு எங்கே என்று முதலாளியம்மா கேட்டார். பாலத்துக்குப் பக்கத்துத் தெரு என்றான். இப்போது அவனும் படகுப் பயிற்சிக்குப் போய்வருகிறான். இனி ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஓடிவிடுவார்கள். அதற்கேற்றபடி வேலை அட்டவணையை மாற்றி எழுதியிருக்கிறோம்.