புதிய காய்ச்சலுக்கான தடுப்பூசி: என் முடிவு

புதிய வகை ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று நன்கு யோசித்து, போட்டுக்கொள்வதென முடிவு செய்திருக்கிறேன். இவ்வளவு விரைவாகத் தயாரித்ததை நம்பலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறுவதால், எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது. தயாரிப்பு முறை பெரும்பாலும் பழையதே, மாறுவது அதில் சேரும் வைரஸ் வகைதான்.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக ஊசி போட்டுக்கொண்டவர்களில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அஞ்சிய கொள்ளைநோயோ வரவே இல்லை. இப்போது நோய் கண்ணெதிரே பரவிக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு ஆஸ்துமா. சாதாரணச் சளி பிடித்தாலே, இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்குவார். எனக்குச் சில நாள் காய்ச்சலோடு போய்விடக்கூடியது, என்னிடமிருந்து அவருக்குத் தொற்றினால் என்னாகும் என்ற கவலையே என் முடிவைத் தீர்மானித்தது. எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இந்த வாரமே இருவரும் போட்டுக்கொள்கிறோம்.