36128: இரண்டு வாரத்தைத் தின்ற போர்ட் எண்

ஒருவழியாக, பிட்காயின் நெட்வொர்க்கின் கணினிகளை (நோடுகளை) ஒவ்வொன்றாகத் தேடி எண்ணும் என் கிராலர் நிரல் ஓடிவிட்டது. முந்தாநாள் இரவு தொடங்கிவிட்டேன். இன்று காலை பார்த்தால், பிட்காயின் நெட்வொர்க்கில் கைக்கு எட்டிய முகவரிகளை எல்லாம் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிட்டுச் சமர்த்தாக நின்றிருந்தது. இரண்டு வாரம் இழுத்தடித்த வேலை. தகராறு செய்தது வெறும் 2 பைட்.

டிஎன்எஸ் சீடுகளில் (தொடங்குவதற்குச் சில நோடுகளின் ஐபியைத் தரும் சர்வர்கள்) கிடைத்த முதல் தொகுதி நோடுகள் ஒழுங்காகப் பேசின. அறிமுகம் செய்துகொள்ளும் வெர்ஷன், வெராக் செய்திகள், மற்ற நோடுகளின் முகவரிகளைக் கேட்கும் கெட்ஆடர் எல்லாம் சரி. ஆனால் அவை கொடுத்த முகவரிகளுக்குப் போனால் கதவே திறக்கவில்லை, வரிசையாக டைம்அவுட். முதல் சந்தேகம் வீட்டு இணைப்பின் மேல்தான். ஏற்கெனவே ஒருமுறை ஒரே நேரத்தில் 2000 இணைப்பு திறந்து ரௌட்டரைத் திணறடித்து, அம்மாவின் சீரியலைப் பாதியில் நிறுத்திய பாவம் இருக்கிறது. 200 ஆகக் குறைத்தேன். பலனில்லை. ஜெர்மனியில் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். அங்கேயும் அதே டைம்அவுட்.

வேறு வழியில்லாமல் லாக்கை வரி வரியாகப் படித்தேன், நான் தட்டிய ஒவ்வொரு போர்ட்டையும் (ஐபி முகவரியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண்). 36128. அடுத்த வரியிலும் 36128. அதற்கடுத்த வரியிலும். உலகத்தில் இத்தனை பேர் இந்த விசித்திரமான போர்ட்டையா தேர்ந்தெடுப்பார்கள்? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிட்காயினின் வழக்கமான போர்ட்டான 8333 என்பது 32, 141 என்று இரண்டு பைட்: 32×256+141. அதையே புரட்டினால் 141×256+32 = 36128. அடப்பாவி!

பிட்காயின் செய்திகளில் எண்கள் பெரும்பாலும் லிட்டில் எண்டியன், அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில். 30 பைட் முகவரிப் பதிவில் நேரமும் சர்வீஸும் அப்படித்தான். ஐபியை எப்படியும் பைட் பைட்டாக எடுத்துக்கொள்வதால் திசைச் சிக்கல் தெரியாது. கடைசியில் உட்கார்ந்திருக்கும் போர்ட் பிக் எண்டியன், பெரிய மதிப்புள்ள பைட் முதலில். ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். சீடு ஐபியை மட்டும் தரும், போர்ட் 8333 நானே போட்டது. முதல் சுற்று மட்டும் வேலை செய்த மர்மம் அதுதான்.

அதன்பின் இன்னும் இரண்டு அடி வாங்கினேன். டோர், அதாவது இருப்பிடத்தை மறைக்கும் நெட்வொர்க்கின் 'ஆனியன்' முகவரிகள் வேண்டுமென்றால், பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவான பிஐபி 155 சொல்கிறபடி 'சென்ட்ஆடர்வி2' செய்தியை வெராக்குக்கு முன்பே அனுப்ப வேண்டும். நான் ஹேண்ட்ஷேக் (அந்த அறிமுகம்) முடிந்தபின் நிதானமாக அனுப்பினேன், பிட்காயின் கோர் (பெரும்பாலான நோடுகள் ஓட்டும் மென்பொருள்) பட்டென்று இணைப்பைத் துண்டித்தது. இன்னொன்று, ஒரே ஒரு முகவரியோடு வரும் முதல் பதிலைப் பார்த்துவிட்டு இணைப்பை மூடிவிடாதீர்கள். அது அந்த நோட் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்வது. அதிகபட்சம் 1000 முகவரி கொண்ட அசல் பட்டியல் பின்னால் வரும்.

சரி, மொத்தம் எத்தனை? இங்கேதான் தலைவலி. வாங்கிய முகவரிகளில் பெரும்பகுதி செத்தவை. பதில் சொன்னவற்றை எண்ணினாலும் உள்ளே வர விடும் நோடுகள் மட்டுமே கணக்கில் வரும். என் சொந்த நோடே வீட்டில் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு, வெளியிலிருந்து உள்ளே இணைய முடியாது) பின்னால் ஓடுகிறது, என் கிராலருக்கே அது தெரியவில்லை! ஒரே இயந்திரம் ஐபிவி4, ஐபிவி6, ஆனியன் என மூன்று பெயரில் மூன்றாக எண்ணப்படுவது வேறு.

குளத்து மீன் எண்ணும் வித்தையையும் முயன்றேன். பிடித்து, அடையாளமிட்டு, விட்டுவிட்டு, மறுபடி வலை வீசுவது. ஒரே நோடை மாலையில் மறுபடி கேட்டால் காலையில் தந்த அதே பட்டியல். கோர் 0.21 முதல் பதிலை ஏறத்தாழ ஒரு நாள் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கிறது, யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்று துப்பறிபவர்களைத் தடுக்க. அதாவது என்னைப் போன்றவர்களை. நியாயம்தான். ஆனால் வலை வீசிய இடத்தில் அதே மீனையே கையில் கொடுத்தால் எதைக் கணக்கிடுவது?

வரைபடம் இன்னும் மோசம். பதில் சொன்னவற்றில் பாதிக்கு மேல் ஆனியன், எந்த நாட்டிலும் புள்ளி வைக்க முடியாது. மீதியில் அமெரிக்காவும் ஜெர்மனியும் முன்னால். ஜெர்மனிப் புள்ளிகளில் பல டேட்டா சென்டர் வாடகைக்காரர்கள். என் சர்வரில் நோட் போட்டால் நானும் ஜெர்மானியன். ஐபியை வைத்து இடம் சொல்லும் ஜியோஐபி தரவை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கா என்பதைத் தவிர எதுவும் தெரியாத ஐபிகளுக்கு எல்லாம் நாட்டின் நடுப்புள்ளியை அந்தத் தரவை விற்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் கொடுத்ததில், கான்சாஸில் போட்வின் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டுக்குப் பல வருடம் போலீஸும் கடன் வசூலிப்பவர்களும் படையெடுத்த கதை 2016-இல் வெளியானது. பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். ஆகவே நான் நாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன், நகரம் வேண்டாம்.

அடுத்து டோர் போன்ற இன்னொரு நெட்வொர்க்கான ஐ2பி பக்கம் போகலாம், கூடவே நாட்டுக்குப் பதிலாக ஏஎஸ்என் (ஐபிகளை வைத்திருக்கும் நிறுவனத்தின் நெட்வொர்க் எண்) வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள் சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களிடமிருந்து மின்னஞ்சல்: உங்கள் ஐபியிலிருந்து போர்ட் ஸ்கேன் நடப்பதாகப் புகார், 24 மணி நேரத்தில் விளக்கம் தரவும். முதலில் அதற்குப் பதில் எழுதிவிட்டு வருகிறேன்.