நெஞ்செரிச்சல்: மாத்திரை எப்போ போடறோம்ங்கறதுலயே பாதி இருக்கு

நெஞ்செரிச்சலோட வருஷக்கணக்கா இருக்கறவங்க கிட்ட பேசினா முக்கால்வாசி பேர் "எனக்கு வயித்துல ஆசிட் ஜாஸ்திங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கும் இது பழைய தொந்தரவுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன். பெரும்பாலானவங்களுக்கு ஆசிட் சுரக்கற அளவு சரியாத்தான் இருக்கு, அது மேல ஏறி வர்றதுதான் பிரச்சனையே. உணவுக்குழாய் முடிஞ்சு இரைப்பை ஆரம்பிக்கற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு, நாம முழுங்கும்போது திறந்து உடனே மூடிக்கும். ஆனா முழுங்காமலே அப்பப்போ அது தளரும், ஏப்பம் வர்றதே அப்படித்தான், எல்லாருக்கும் நடக்கறதுதான். வயிறு முட்ட சாப்பிட்டா இரைப்பை விரிஞ்சு இந்தத் தளர்ச்சி அடிக்கடி வரும், ஆசிட்டும் கூடவே ஏறும். இரைப்பை அதைத் தாங்கிக்கும், உணவுக்குழாயால அந்த அளவுக்கு தாங்க முடியாது.

இப்போ மாத்திரைக்கு வரேன். ஒமிப்ரசோல், பேண்டோப்ரசோல் மாதிரி மாத்திரைகளை பலபேர் சாப்பிட்டு முடிச்சதும் போடறாங்க, இல்லன்னா எரிய ஆரம்பிச்ச பிறகு போட்டுட்டு "கேக்கவே இல்ல"ன்னு சொல்றாங்க. அது எப்படி கேக்கும்? ஆசிட்டை வெளிய தள்ற பம்புகள் இரைப்பைச் சுவத்து செல்கள்ல இருக்கு, சாப்பாடு உள்ள போகும்போதுதான் நிறைய பம்பு வேலைய ஆரம்பிக்கும், இந்த மருந்து வேலை செய்யற பம்பைத்தான் அடைக்கும், அதுவும் ரத்தத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதனாலதான் சாப்பாட்டுக்கு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடச் சொல்றாங்க. முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும். உடனடி எரிச்சலுக்கு, ஏற்கனவே சுரந்த ஆசிட்டை முறிக்கற ஆன்டாசிட் திரவம்தான்.

மாதக்கணக்கா போட்டதை திடீர்னு நிறுத்தினா ஆசிட் முன்ன விட வேகமா சுரந்து எரிச்சல் திரும்பி வரலாம், அதைப் பாத்து நோய் முத்திடுச்சுன்னு பயந்துடாதீங்க, டாக்டர் கிட்ட கேட்டு படிப்படியா குறைங்க. ரொம்ப நாள் போடறவங்களுக்கு பி12, மெக்னீசியம் குறையலாம், அதையும் கேட்டுக்கங்க. உணவுக்குழாய்ல புண்ணு அதிகமா இருக்கறவங்களுக்கு தொடர்ந்து போட வேண்டிய அவசியமே இருக்கும், யாரோ சொன்னாங்கன்னு அவங்க நிறுத்திடக் கூடாது.

ராத்திரிதான் கொடுமை. தூக்கத்துல தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி ஏறி, இருமிக்கிட்டே எழுந்து உக்காந்து, மறுபடி படுக்கவே பயமா இருக்கும் பாருங்க, அதுக்கு எனக்கு நல்லா கை கொடுத்தது படுக்கற விதம்தான். தலைப்பக்கம் கட்டில் கால்களுக்கு அடியில கட்டை வெச்சு 15-20 செ.மீ. உயர்த்தணும். தலகாணிய மட்டும் அடுக்கினா கழுத்தும் இடுப்பும்தான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்தா இரைப்பை உணவுக்குழாயை விட கீழ இருக்கும், ஆசிட் ஏறினாலும் சீக்கிரம் இறங்கிடும். சாப்பிட்டதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல 3 மணி நேரம் இடைவெளி கண்டிப்பா வேணும். உடம்பு எடை ஜாஸ்தியா இருந்தா கொஞ்சம் குறைச்சாலே வித்தியாசம் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துல காபி, சாக்லேட், எண்ணெய் ஐட்டம்னு ஒரு பட்டியலை கையில குடுத்து எல்லாத்தையும் விடச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒருத்தருக்கு ஒத்துக்காதது இன்னொருத்தருக்கு ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நாள் எழுதி வெச்சுப் பாருங்க, உங்களுக்கு எது ஆகாதுன்னு தெரிஞ்சிடும்.

மேல் வயித்துல வலி விட்டு விட்டு வந்தா ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியா இருக்கலாம். அல்சருக்கு இது முக்கிய காரணம்னு காட்டின பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் கிடைச்சது, மார்ஷல் அந்தக் கிருமிய தானே குடிச்சுப் பாத்தவர்! மூச்சு டெஸ்ட், மல டெஸ்ட் எடுக்கறதுக்கு 2 வாரம் முன்னாடியே ஆசிட் மாத்திரைய நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு வந்துடும்.

முழுங்கறப்ப சிக்கினா, மலம் கறுப்பா போனா, ரத்த வாந்தி எடுத்தா, காரணமே இல்லாம எடை குறைஞ்சா உடனே டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலியோட வேர்வை, மூச்சு வாங்கறது, கை தாடைன்னு வலி பரவறது இருந்தா தயவுசெஞ்சு கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

எண்டோஸ்கோபி நார்மல்னு வந்ததும் "எல்லாம் உன் மனசுதான்"னு வீட்ல சொல்லுவாங்க, அது ரொம்ப வலிக்கும். புண்ணே இல்லாம ரிஃப்ளக்ஸ், அதாவது ஆசிட் மேல ஏறற தொந்தரவு, இருக்கறவங்க நிறைய பேர். மூக்கு வழியா மெல்லிசான ட்யூப் விட்டு 24 மணி நேரம் ஆசிட்டை அளக்கற பிஎச் டெஸ்ட் இருக்கு, எரியும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்கணும், அந்த நேரத்துல நிஜமாவே ஆசிட் ஏறுச்சான்னு அதுல தெரியும். ஏறலன்னா நரம்புதான் கூடுதலா உணருதுன்னு அர்த்தம், அதுக்கு வைத்தியமே வேற, ஆசிட் மாத்திரைய டபுளாக்கி பிரயோஜனம் இல்ல.